அத்தைக்குத் தெரியும்



இந்த முறை சமையல் குறிப்பும் இல்லை, கை வைத்தியமும் இல்லை. ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லி, அதிலிருந்து என் மனதில் ஓடிய சில விஷயங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். கொஞ்சம் பெரிய விஷயம்தான். ஆனால் வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் இது வேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் மாமியார் இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். பக்கவாதம். ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது என் வேலை. அன்றைக்கு மணி பதினொன்று இருக்கும். அறைக்குள் போகப் போனேன். உள்ளே பேச்சுக் குரல். அப்பத்தாவுக்குத் துணையாகக் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கும் என் மகள், போனில் யாரிடமோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஒரு பேப்பர் போய்விடுமோ என்கிற பயம். தாயாகிய என்னிடம் சொல்லவில்லை. போனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பதிலும் வந்தது, இனிமையான பெண் குரலில், நல்ல தமிழில்: "உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நீங்கள் தனியாக இல்லை."

அந்தப் பக்கம் யாரும் இல்லை, சகோதரிகளே. அது கம்ப்யூட்டர். இப்போது எல்லாப் பிள்ளைகளும் வைத்திருக்கிறார்களே, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிற செயற்கை அறிவு, அதுதான்.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். கட்டிலில் அத்தை கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். அன்று காலையில்தான் பார்க்க வந்த உறவுக்காரம்மா ஒருத்தர், அவர் தலைமாட்டில் நின்றுகொண்டே, "பாவம், இவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். ஒரே அறையில் இரண்டு பேர். ஒன்று 'புரிகிறது' என்று வாய் நிறையச் சொல்கிறது. இன்னொருத்தருக்குப் புரிந்தாலும் அதைச் சொல்ல வாய் இல்லை. இதில் யாருக்கு உண்மையில் தெரிகிறது? அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் அத்தை கதையைச் சொல்லிவிடுகிறேன். அதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது.

அத்தைக்கு அப்போது எழுபத்தி நாலு வயசு. வேடசந்தூர்ப் பக்கம் பிறந்து, காட்டு வேலை பார்த்து வளர்ந்த உடம்பு. தை மாசத்தில் ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைப்பு என்றார்கள். வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு அடியோடு போய்விட்டது. மூன்று வாரம் கண்ணையே திறக்கவில்லை. பிறகு கண்ணைத் திறந்தார். ஆனால் கூப்பிட்டால் திரும்பவில்லை. கையைத் தொட்டால் அசைக்கவில்லை. "நினைவு இல்லை. இனி இப்படித்தான் இருக்கும், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆகியிருக்கும். சொந்தக்காரர்கள் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஊர் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். யாருக்கு எவ்வளவு, வைத்தியச் செலவை எதில் கழிப்பது என்றெல்லாம். எனக்கோ ராத்தூக்கம் இல்லை, இடுப்பு வலி. நானும் வாயை விட்டேன். "இப்படிக் கிடக்கிறதுக்கு, போய்ச் சேர்ந்தா அவுகளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது" என்றேன். எழுதவே கை கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

அத்தையின் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. "கண்ணு சரியா மூடாததாலே வர்ற தண்ணி" என்றார் ஒருத்தர். நானும் நம்பினேன். சாயங்காலம் டியூபில் கஞ்சி விடப் போனபோது அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மறு நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. என் மகள் போனால் திருப்பவில்லை. நான் போனால் மட்டும்தான்.

அடிவயிற்றில் என்னவோ செய்தது எனக்கு.

வேறொரு டாக்டரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவர் அவசரப்படாமல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா, நான் சொல்றது கேட்டா ரெண்டு தடவை கண்ணை மூடித் திறங்க" என்றார். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு அத்தை மெதுவாக இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தார். 'ஆமாம்' என்றால் இரண்டு தடவை, 'இல்லை' என்றால் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டு, "இது உங்க மகன்தானே? இப்போ ராத்திரியா?" என்று பத்துக் கேள்வி கேட்டார். எட்டுக்குச் சரியான பதில். "ஒரு நாள் பார்த்து முடிவு பண்ணக்கூடாதும்மா. கண் தானாகவும் சிமிட்டும். வெவ்வேறு நேரத்திலே கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கேட்டுப் பார்த்தோம். சந்தேகமே இல்லை. அத்தைக்குத் தெரிகிறது. அவ்வளவு நாளும் நாங்கள் பேசியதில் எத்தனை வார்த்தை அவர் காதில் விழுந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அதற்குப் பிறகுதான் இந்த 'நினைவு' என்பது என்ன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். பத்தாம் வகுப்புப் படிப்புதான் எனக்கு. டாக்டர் சொன்னதும், மகள் படித்துச் சொன்னதும், நானே தேடிப் படித்ததும் சேர்த்து எனக்கு விளங்கினவரை சொல்கிறேன்.

நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க டாக்டர்கள் ஒரு மார்க் கணக்கு வைத்திருக்கிறார்கள். 1974-ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர்கள் இரண்டு பேர், டீஸ்டேல், ஜென்னட் என்று பெயர், ஏற்படுத்தியது. கண் திறப்பதற்கு 4, பேசுவதற்கு 5, கை கால் அசைவுக்கு 6. மொத்தம் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3. நல்ல கணக்குதான், உலகம் முழுதும் இதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கவனியுங்கள், மூன்றுமே வெளியில் தெரிகிற அடையாளங்கள். உள்ளே இருக்கிற ஆளை இது எட்டிப் பார்ப்பதில்லை. பேச்சு போனவர்களுக்கு அந்த ஐந்து மார்க் எப்படிக் கிடைக்கும்?

பேசுவது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பதை மூளை டாக்டர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். 1861-ல் பாரிசில் புரோக்கா என்கிற டாக்டரிடம் வந்த ஒரு நோயாளிக்கு 'டான்' என்கிற ஒரே ஒரு சத்தம்தான் வாயில் வரும். ஆனால் மற்றவர்கள் பேசுவது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. 1874-ல் வெர்னிக்கே என்கிற ஜெர்மன் டாக்டர் இதற்கு நேர்மாறான நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்கள் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது. மூளையில் இரண்டும் வேறு வேறு இடம் என்று அப்போதே தெரிந்தது. நாம்தான் இன்னும் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பிரான்ஸ் நாட்டில், நம் பத்திரிகை மாதிரியே பெண்கள் பத்திரிகை ஒன்றுக்கு ஆசிரியராக இருந்தவர் போபி என்பவர். 1995 டிசம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கண் இமையைத் தவிர உடம்பில் எதுவும் சொன்னபடி கேட்கவில்லை. ஆனால் உள்ளே ஆள் முழுசாக இருந்தார். பக்கத்தில் ஒருத்தர் எழுத்துக்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, வேண்டிய எழுத்து வரும்போது அவர் இமையைச் சிமிட்டுவார். அப்படியே ஒரு புத்தகத்தை எழுதி முடித்தார். 1997 மார்ச்சில் புத்தகம் வெளிவந்த சில நாட்களிலேயே காலமானார்.

இமைகூட அசையாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு? 2006-ல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் என்கிற விஞ்ஞானி, விபத்தில் அடிபட்டு, நினைவே இல்லை என்று சொல்லப்பட்ட 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்து, "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்" என்றார். அந்தப் பெண் அசையவே இல்லை. ஆனால் நல்ல உடம்புள்ளவர் அப்படி நினைத்தால் மூளையில் எந்த இடம் வேலை செய்யுமோ, அதே இடம் வேலை செய்தது. "உன் வீட்டுக்குள் நடப்பதாக நினைத்துக்கொள்" என்றபோது அதற்குரிய இடம் வேலை செய்தது. 2024-ல் பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், சொன்னதற்கு எந்த அசைவும் காட்டாத 241 நோயாளிகளைப் பரிசோதித்ததில் 60 பேருடைய மூளை சொன்னதைக் கேட்டு வேலை செய்ததாம். நாலில் ஒருத்தர்! படித்தபோது என் உடம்பு ஆடிப்போயிற்று.

நம் நாட்டிலேயே அருணா ஷான்பாக்கை மறக்க முடியுமா? பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். 1973-ல் நடந்த கொடூரத் தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டு, 2015 மே மாதம் இறக்கும் வரை 42 வருஷம் அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவரைச் சாக விட்டுவிடலாம் என்று ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது, நர்ஸுகள் ஒத்துக்கொள்ளவில்லை. 2011 மார்ச்சில் கோர்ட்டும் அவர்கள் பக்கமே சொன்னது. அறையில் கூட்டம் கூடினால் அருணா கலங்குகிறார், ஆட்கள் குறைந்தால் அமைதியாகிறார் என்று பார்த்த டாக்டர்கள் கோர்ட்டுக்கு எழுதியிருந்தார்கள். அவர் உள்ளே எவ்வளவு இருந்தார் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நர்ஸுகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. படுக்கைப் புண் வராமல் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. அது நம்ம திண்டுக்கல்லில் நடந்தது. ரமண மகரிஷி சிறுவன் வேங்கடராமனாக இருந்தபோது, 1891 வாக்கில், இங்கே படிக்க வந்திருந்தார். பதினோரு வயசு இருக்கும். ஒரு நாள் ராத்திரி வீட்டில் எல்லாரும் கோயிலுக்குப் போக, பையன் மட்டும் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்கிவிட்டான். திரும்பி வந்தவர்கள் கத்தினார்கள், கதவை இடித்தார்கள். எழுந்திருக்கவில்லை. கடைசியில் எதிர்வீட்டுச் சாவி ஒன்றை வாங்கித் திறந்து உள்ளே போய், அடித்து எழுப்பினார்கள். அப்போதும் எழவில்லை. காலையில் மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்கே தெரியுமாம். பிற்காலத்தில் அவரே சொன்ன சம்பவம் இது. பிறகு 1896-ல் மதுரையில், பதினாறாம் வயதில், திடீரென்று மரண பயம் வந்து, 'சாவது இந்த உடம்புதானே, நான் யார்?' என்று உள்ளே திரும்பிப் பார்த்தவர், அதே வருஷம் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார்.

அந்தப் பையனை அன்றைக்கு வெளியில் நின்று பார்த்தவர்களுக்கும், என் அத்தையைப் பார்த்த எங்களுக்கும் கண்ணில் பட்டது ஒன்றேதான். தொட்டாலும் அசைவில்லை, கூப்பிட்டாலும் பதில் இல்லை. ஆனால் அங்கே ஒன்றும் தெரியவில்லை, இங்கே எல்லாம் தெரிந்தது. ஆக, உணர்வு என்பது உள்ளே இருக்கிறவருக்கு மட்டும் வெளிச்சம். வெளியே இருக்கிற நமக்கு அடையாளம்தான். அடையாளம் ஏமாற்றும்.

இப்போது அந்தப் போனுக்கு வருகிறேன்.

அங்கே அடையாளம் மறுபக்கமாக ஏமாற்றுகிறது. இது புதுசும் இல்லை. 1966-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்கிற பெரிய கல்வி நிலையத்தில் வைசன்பாம் என்பவர் 'எலைசா' என்று ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் செய்தார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். 'எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று தட்டினால், 'ஏன் உங்களுக்குக் கவலையாக இருக்கிறது?' என்கிற மாதிரி. அவருடைய காரியதரிசி அம்மாளுக்கு அது எப்படிச் செய்யப்பட்டது என்பது நன்றாகத் தெரியும். ஆனாலும் அதோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "நீங்கள் சற்று வெளியே போகிறீர்களா?" என்று வைசன்பாமிடமே கேட்டாளாம், தனியாகப் பேச! 2022-ல் கூகுளில் வேலை பார்த்த லெமாயின் என்கிற இஞ்சினீயர், தன்னோடு பேசின கம்ப்யூட்டருக்கு உணர்வு வந்துவிட்டது என்று வெளியே சொன்னார். தன்னை அணைத்துவிடுவார்களோ என்று பயமாக இருப்பதாக அது சொல்லியிருந்ததாம். கம்பெனி அதை மறுத்தது. அவர் வேலையும் போயிற்று. படித்த இஞ்சினீயருக்கே அப்படி இருந்தால், பரீட்சைப் பயத்தில் இருக்கிற என் மகளை நான் என்னவென்று சொல்வது?

அது எப்படிப் பேசுகிறது என்று மகளிடமே கேட்டேன். நான் 'உப்பில்லாப் பண்டம்' என்று ஆரம்பித்தால் நீங்கள் எல்லாரும் 'குப்பையிலே' என்று முடிப்பீர்கள் இல்லையா? உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தா முடிக்கிறீர்கள்? கேட்டுப் பழகின பழக்கம். இந்த இயந்திரமும் அப்படித்தானாம். மனிதர்கள் எழுதிவைத்த கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்கக் கொடுத்து, அடுத்தாற்போல் எந்த வார்த்தை வரும் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள். ஒருத்தர் 'பயமாக இருக்கிறது' என்றால், நல்ல மனுஷர்கள் என்ன பதில் சொல்வார்களோ அந்தப் பதிலைக் கோத்துக் கொடுக்கிறது. அந்த ஆறுதல் பொய் என்று நான் சொல்லவில்லை. யாரோ ஒரு தாய், யாரோ ஒரு சிநேகிதி, எப்போதோ உண்மையாகச் சொன்ன ஆறுதலின் எதிரொலிதான் அது.

எங்கள் தெருவில் ஒரு பூட்டுப் பட்டறை இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. பட்டறைக்கார அண்ணன் ஒரு பூட்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே அடுக்கடுக்காக லீவர்கள். சரியான சாவியின் பல் பட்டால்தான் ஒவ்வொன்றும் சரியான உயரத்துக்கு எழும்பும், அப்போதுதான் திறக்கும். "பூட்டுக்குத் தன் சாவியைத் தெரியும்" என்று அவர்கள் பேச்சுவாக்கில் சொல்வார்கள். "அண்ணே, நெசமாவே அதுக்குத் தெரியுமா?" என்றேன். சிரித்துவிட்டு, "அதுக்கு என்னம்மா தெரியும், கள்ளன் கையிலே அதே சாவி இருந்தாலும் திறக்கும்" என்றார்.

"அம்மா, பூட்டும் இதுவும் ஒண்ணா? இது எவ்வளவு பெரிசு தெரியுமா?" என்று மகள் சண்டைக்கு வந்தாள். அவள் கேட்பதிலும் நியாயம் உண்டு. நம் மூளையையும் பிரித்துப் பார்த்தால் அணு அணுவாக நரம்பு செல்கள்தான். ஒரு செல்லுக்குத் தனியாக என்ன தெரியும்? அவையெல்லாம் சேர்ந்தபோது எப்படியோ 'நான்' என்கிற ஒன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. 1998-ல் கோக் என்கிற மூளை விஞ்ஞானியும் சால்மர்ஸ் என்கிற தத்துவ ஆசிரியரும் ஒரு பந்தயம் கட்டினார்கள். மூளையில் உணர்வு எப்படி உண்டாகிறது என்பது 25 வருஷத்தில் தெளிவாகத் தெரிந்துவிடும் என்றார் கோக். தெரியாது என்றார் சால்மர்ஸ். 2023 ஜூனில் நியூயார்க்கில் மேடையில் வைத்து கோக் தோல்வியை ஒத்துக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். அதே வருஷம் ஆகஸ்டில் விஞ்ஞானிகளும் தத்துவக்காரர்களுமாக 19 பேர் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அப்போது இருந்த இயந்திரங்கள் எதற்கும் உணர்வு இருப்பதாகச் சொல்ல வலுவான ஆதாரம் இல்லை, ஆனால் பிற்காலத்தில் வரவே வராது என்றும் சொல்வதற்கில்லை என்பது அதன் சாரம்.

நான் விஞ்ஞானி இல்லை. எனக்குத் தொல்காப்பியத்தில் சொல்லியிருக்கிற வரிசைதான் மனதில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, அது தொடு உணர்வு. நத்தைக்கு இரண்டு, சுவையும் சேர்ந்தது. எறும்புக்கு மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, மிருகங்களுக்கு ஐந்து. ஆறாவதாக மனம், அது மனுஷருக்கு. 2024 ஏப்ரலில் பல விஞ்ஞானிகள் நியூயார்க்கில் ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார்கள். நண்டு, பூச்சி முதலானவற்றுக்கும் உணர்வு இருக்கக்கூடும், அதை ஒதுக்கிவிட்டு அவற்றை நடத்தக்கூடாது என்றார்கள். நம் பெரியவர்கள் அவற்றுக்கு அன்றே வரிசையில் இடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வரிசை தொடுவதில் ஆரம்பிக்கிறது, சகோதரிகளே. பேச்சில் அல்ல. பிறந்த குழந்தையைப் பாருங்கள். பேச ஒரு வருஷம் ஆகும். ஆனால் பசிக்கும், குளிரும், தாயின் மார்ச்சூடு தெரியும். மேலே ஒவ்வொன்றாக வந்து, கடைசியில்தான் பேச்சு. போனில் இருக்கிற இயந்திரமோ கீழ்ப்படி ஒன்றும் இல்லாமல் நேரே மேல்படியில் நின்று பேசுகிறது. பசி இல்லை, வலி இல்லை, தூக்கம் இல்லை, சாவு இல்லை. 'பயம் புரிகிறது' என்கிறது, ஆனால் இழப்பதற்கு அதனிடம் என்ன இருக்கிறது? நாளைக்கு எப்படியோ, இன்றைக்கு அதற்கு உணர்வு இருக்கிறது என்று என் மனசு ஒப்பவில்லை. என் கருத்து தப்பாகவும் இருக்கலாம். அத்தை விஷயத்தில் ஒரு தடவை தப்பாக முடிவு செய்தவள்தானே நான்.

ஆனால் ஒன்று மட்டும் தப்பில்லை. பேசுகிற இயந்திரத்துக்கு உள்ளே ஆள் இருக்குமோ என்று உலகமே கவலைப்படுகிறது. நல்லது, படட்டும். பேசாமல் படுத்திருக்கிற மனுஷிக்குள் ஆள் இருக்கிறாரா என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பத்து நிமிஷம் கேட்டுப் பார்க்க நமக்கு நேரம் இல்லாமல் போகலாமா?

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், நான் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். செய்து பாருங்கள்.

முதலாவது, எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். அறைக்குள் போனதும், "அத்தை, நான்தான் வந்திருக்கேன், மணி ஆறாச்சு, உங்களை இடது பக்கமாத் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் யாராவது வந்து நம்மைப் புரட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? இன்றைக்கு என்ன கிழமை, யார் வந்தார்கள், மழை பெய்ததா, அதையும் சொல்லுங்கள்.

இரண்டாவது, தலைமாட்டில் நின்று சொத்து, செலவு, சாவு பேசாதீர்கள். பேச வருகிறவர்களைத் தயங்காமல் வெளித் திண்ணைக்குக் கூட்டிப் போங்கள்.

மூன்றாவது, கண் சிமிட்டல், விரல் அழுத்தம், முகம் திருப்புதல் எதையாவது கவனித்தால், தேதி, நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கையை வைத்தால் பிடிப்பது தானாக நடப்பதாகவும் இருக்கலாம். அதனால் ஒரு தடவை நடந்ததை வைத்து ஆசைப்படவும் வேண்டாம், ஒரு தடவை நடக்காததை வைத்துக் கைவிடவும் வேண்டாம். அந்த நோட்டை நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

நாலாவது, இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்புவது, டியூபில் ஆகாரம் விடும்போதும் அதற்குப் பின் அரை மணி நேரமாவதும் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி வைப்பது, தினம் இரு வேளை வாயைத் துடைத்து விடுவது, இவை எக்காரணம் கொண்டும் தவறக்கூடாது.

கடைசியாக, வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்து விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, 'பித்தம், வாயு' என்று கஷாயம் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எங்களுக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை.

நான் சொன்ன அந்த வார்த்தைக்காக அத்தையின் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு தடவையும் இல்லை, ஒரு தடவையும் இல்லை. மூடினது மூடினபடியே இருந்தார். நாலாம் நாள் காலையில் முகம் துடைத்துவிடும்போது, இடது கையால் என் சுண்டுவிரலைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார்.

மகளிடம் போனைப் பிடுங்கவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்க அது நல்ல உதவிதான். "மனசுக் கஷ்டத்தை மட்டும் அப்பத்தாகிட்டேயும் சொல்லிப் பாரு" என்றேன். முதலில் கூச்சப்பட்டாள். இப்போது ராத்திரி விளக்கை அணைத்ததும் கட்டிலில் தலையைச் சாய்த்துக்கொண்டு என்னவோ சொல்கிறாள். போன வாரம் அந்தப் பேப்பரின் ரிசல்ட் வந்தது. பாஸ். எனக்குச் சொல்வதற்கு முன்னால் அப்பத்தா காதில் போய்ச் சொன்னாள். அத்தை இரண்டு தடவை கண்ணை மூடித் திறந்தார். பிறகு இன்னும் இரண்டு தடவை.

உங்கள் வீட்டு அனுபவங்களையும் எழுதுங்கள், சகோதரிகளே. அடுத்த இதழில் சந்திப்போம்.